செவத்தியின் நுரை

ஈச்சவலசு அரிசி ஆலைக்காரர் பொன்னுரங்கத்தின் குதிரைக்கு வேர்வை இனிக்கத் தொடங்கியது ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி வாக்கில். அதை முதலில் கண்டுகொண்டவை எறும்புகள். ஆலைக்களத்தில் குவிந்து கிடந்த நெல்லில் ஒரு மணியைக்கூடச் சீண்டாமல், கறுப்பில் ஒரு வரிசையும் சிவப்பில் ஒரு வரிசையுமாக அவை லாயத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. குதிரையைப் பழக்குவதற்கென்று கோயமுத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த நவமணி அந்த வரிசைகளின் பின்னாலேயே போய், கொடியில் காயப்போட்டிருந்த சேணத்துணியையும் அதன் மேல் கெட்டித் தயிர்போல் படிந்திருந்த வெள்ளை நுரையையும் பார்த்து, விரலால் தொட்டு, மோந்து, பிறகு எதற்கென்று தெரியாமலே நாக்கில் வைத்தாள். திரட்டுப்பால் மாதிரி இருந்தது. அடியில் கொஞ்சம் குதிரை வாடை அடித்தது. அந்த வாடையும் சேர்ந்ததுதான் ருசி என்று அவளுடைய நாக்கு சொன்னது; அவள் இன்னொரு விரலையும் துணியில் வைத்தாள்.

நவமணிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இருபது வருஷம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை பார்த்தவள். மிரண்ட குதிரை, கடிக்கிற குதிரை, ஆளைக் கீழே தள்ளிவிட்டு அதன் மேலேயே நடக்கிற குதிரை என்று எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல் வழிக்குக் கொண்டுவந்தவள். செவத்தியிடம் அப்படிக் கெட்ட குணம் எதுவும் இல்லை. செம்மண் நிறத்தில் ஆறு வயதுப் பெட்டை. பொன்னுரங்கம் ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் பிடித்து வந்தது. அதற்கு முன்னால் கல்யாண ஊர்வலங்களில் பத்து நிமிஷம் நிற்பதும், மிச்ச நேரமெல்லாம் தவிடும் வெல்லமும் தின்பதுமாக வளர்ந்ததால் வயிறு பானையாகத் தொங்கியது. பம்புசெட் வரைக்கும் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. அதன் மேல் உட்கார்ந்து பத்து மைல் தள்ளியிருந்த சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும் என்பது பொன்னுரங்கத்தின் ஆசை. தாராளமாக இறங்கலாம், ஆனால் எட்டு மாசம் ஆகும் என்று நவமணி அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். சதை மூன்று மாசத்தில் இறுகும், நரம்பு ஆறு மாசத்தில் இறுகும், எலும்புக்கு ஒரு வருஷம்கூடப் பத்தாது, சதையைப் பார்த்து ஏமாந்து ஓட்டுகிறவர்கள்தான் காலை முறிக்கிறார்கள், அதனால் முதல் இரண்டு மாசம் நடை மட்டும்தான் என்றாள். அவர் அதற்குச் சரி என்றுதான் தலையாட்டினார்.

இனிப்பு விஷயம் மூன்றாம் நாள் டீக்கடைக்குப் போயிற்று, நாலாம் நாள் கோயிலுக்குப் போயிற்று, ஐந்தாம் நாள் லாயத்து வாசலில் நாற்பது பேர் கையில் தம்ளரோடு நின்றார்கள். எவரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு குதிரைக்கு வேர்வை எதனால் இனிக்கிறது என்று அந்த ஊரில் யாரும் கேட்டதாக நவமணிக்கு ஞாபகம் இல்லை. அவர்கள் கேட்டது, பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறுமா, அமாவாசை விரதத்தில் சாப்பிடலாமா, காலையில் எடுத்தது சாயங்காலம் வரைக்கும் தாங்குமா என்பதைத்தான். இதற்கெல்லாம் பதில் சொன்னவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை தமயந்தி டீச்சர். கஞ்சி போட்ட சேலையும் மெதுவான குரலுமாக, யாரையும் நீ என்று கூப்பிட்டறியாத மனுஷி. வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தக் கரண்டியால் நுரையைத் தொட்டு வாயில் வைத்து, கண்ணை மூடி ருசித்துவிட்டு, பாலும் ஒரு பிராணியின் உடம்பிலிருந்துதான் வருகிறது, அதை நாம் அசைவம் என்று சொல்கிறோமா, அதனால் இதுவும் சைவம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கே டீச்சரைத் தலைவராகவும் பொன்னுரங்கத்தைப் புரவலராகவும் வைத்து நுரைக் கமிட்டி அமைந்தது. இருபது வருஷமாகப் பொன்னுரங்கத்துக்கு எழுந்து நிற்காத ஊர் அதற்கடுத்த நாள் அவர் டீக்கடைக்கு வந்தபோது எழுந்து நின்றது. குதிரையை அவர் எதற்காக வாங்கினார் என்பதை அவரே அதோடு மறந்துபோனார்.

அதன் பிறகு ஈச்சவலசில் சர்க்கரை வாங்குவோர் இல்லை. காப்பியில் நுரை போட்டார்கள், இட்லிக்கு நுரை தொட்டார்கள், பேக்கரியில் நுரை பன் வந்தது, பூசாரி பஞ்சாமிர்தத்தில் ஒரு கரண்டி கலந்தார். பின்தொடைகளின் நடுவில் கட்டுகிற நுரைதான் முதல் தரம், கழுத்தில் கட்டுவது இரண்டாம் தரம், சேணத்துக்கு அடியில் மயிரோடு வழித்தெடுப்பது பிள்ளைகளுக்கு என்று தரம் பிரித்தார்கள். முதல் தரம் வேண்டியவர்கள், நேற்று வரைக்கும் சாணி மிதித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள், குதிரையின் வாலை ஒருவர் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் குனிந்து தேங்காய்ச் சிரட்டையால் வழித்தார்கள். பல்லிடுக்கில் செம்மண் நிற மயிர் சிக்கினால் அதைச் சாவகாசமாக இழுத்தெடுத்து, மயிரில் ஒட்டியிருந்ததையும் உறிஞ்சிவிட்டுத்தான் கீழே போட்டார்கள். பஸ் கம்பி பிசுபிசுத்தது, கோயில் மணிக்கயிறு பிசுபிசுத்தது, பள்ளிக்கூட நோட்டுகளின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தூங்குகிற குழந்தைகளின் உதட்டில் ஈ கறுப்பாக அப்பிக் கிடந்தது, அதை விரட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. ஊர் முழுக்க ஒரே வாடை. அது குதிரையின் வாடை இல்லை. குதிரையைத் தின்ற வாயின் வாடை.

நவமணியும் தின்றாள். இதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. பதினோரு நாள், ஊருக்குத் தெரியாமல், தினமும் ஊர் தம்ளரோடு வருவதற்கு முன்னால். பன்னிரண்டாம் நாள் காலை, சவாரி முடிந்து வந்த செவத்திக்குத் தண்ணீர்கூடக் காட்டாமல், அதன் விலாவில் முகத்தைப் பதித்து நக்கிக்கொண்டிருக்கும்போது, தன் கன்னத்துக்குக் கீழே அதன் சதை நடுங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். செவத்தி கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் கோபமும் இல்லை, பயமும் இல்லை, காலியான வாளியைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது. நவமணி லாயத்துக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வெள்ளையாக வந்தது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் எறும்புகள் அதற்கும் வந்துவிட்டன. அன்றிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. ஆனாலும் அந்த ருசி நாக்கின் அடியில் எங்கேயோ ஒளிந்துகொண்டு பல நாள் இருந்தது, அதற்காக அவள் தன் நாக்கைக் கரியால் தேய்த்தாள்.

கமிட்டிக்கு நுரை போதவில்லை. காலை நடையில் கிடைப்பது அரைச் செம்புதான். அதனால் நவமணியைக் கேட்காமலே பொன்னுரங்கம் செவத்தியை மத்தியான வெயிலில் ஓட்டச் சொன்னார். ஆலை ஆட்கள் முதுகில் சாக்குகளை நனைத்துக் கட்டி, அதன் மேல் தார்ப்பாயும் போட்டு, நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக ஓடவிட்டார்கள். நின்றால் பின்னாலிருந்து ஈர்க்குச்சிக் கட்டால் அடித்தார்கள். கடிவாள இரும்பு வாயின் இரண்டு ஓரத்தையும் கிழித்தது. அதிலிருந்து வந்த ரத்தம் நுரையோடு கலந்து இளஞ்சிவப்பாக ஒழுகியதைத் தனியாகப் பிடித்து, ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் குடித்தவர்களும் இருந்தார்கள். புரட்டாசி முதல் சனிக்கிழமை ஆலை ரோட்டில் செவத்தி முன்னங்கால் மடிந்து விழுந்தது. நாலு பக்கமிருந்தும் ஜனம் ஓடி வந்தது. தூக்கிவிடத்தான் வருகிறார்கள் என்று நவமணி ஒரு நொடி நினைத்தாள். அவர்கள் வழிப்பதற்கு வந்தார்கள். கிடக்கிற குதிரையின் வயிற்றின் மேல் முழங்காலை ஊன்றி, ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டு, சிரட்டையால் சுரண்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு நவமணி டீச்சர் வீட்டுக்குப் போனாள். இப்படியே ஓட்டினால் இருபது நாளில் குதிரை செத்துப்போகும் என்று சொன்னாள். டீச்சர் அவளை உட்காரவைத்து, மோர் கொடுத்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இருவது நாள்னா பத்தாதே அம்மிணி. ஐப்பசியில எந்தம்பி மகளுக்குச் சீர் வெச்சிருக்கறோம்."

நவமணி மோரைக் கீழே வைத்தாள். அந்த வினாடியே பெட்டியை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறியிருப்பாள். ஏறினால் குதிரைக்கு அந்த இருபது நாளும் இல்லை. அதனால் அவள் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டாள். கெட்டியாக, வெள்ளையாக, சோப்புப்போல நுரை கட்டுவது பழக்கமில்லாத குதிரைக்குத்தான். பழகி உடம்பு இறுகிய குதிரைக்கு வேர்வை தண்ணீராக ஓடும். குதிரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி ஈச்சவலசில் ஒருவருக்கும் தெரியாது.

"அஞ்சு மாசம் எங்கிட்ட விடுங்க டீச்சர். வேற யாரும் தொடக்கூடாது. அப்பறம் இவளை விடியல்ல இருந்து மத்தியானம் வரைக்கும் ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. டீச்சர் காதில் விழுந்தது விடியலிலிருந்து மத்தியானம் வரைக்கும் வழிகிற நுரை. கமிட்டி கூடிப் பேசி, அன்றாட நடையில் வருவதை அன்றாடம் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது.

நவமணி அன்றைக்கே கடிவாள இரும்பைக் கழற்றிக் கிணற்றில் போட்டாள்; வாய் ஆறும்வரைக்கும் வெறும் கயிற்றுத் தலைக்கட்டோடு பழக்கினாள். தவிட்டை நிறுத்தினாள், வெல்லத்தை நிறுத்தினாள், கொள்ளை ஊறவைத்து அளந்து போட்டாள், லாயத்துச் சுவரில் உப்புக்கட்டியைக் கட்டித் தொங்கவிட்டாள், வளர்ந்து வளைந்திருந்த குளம்பைச் சீவி லாடம் மாற்ற ஆள் வரவழைத்தாள். முதல் மாசம் முழுக்க நடை, ஆற்று மணலில் நடை, அவளும் இறங்கிப் பக்கத்திலேயே நடந்தாள். இரண்டாம் மாசம் நடைக்கு நடுவே இருநூறு தப்படி துள்ளுநடை, மறுபடி நடை, மறுபடி இருநூறு தப்படி. மூன்றாம் மாசம் கரட்டுமேட்டின் சரிவில் ஏற்றம், ஏறும்போது முன்னால் சாய்ந்தும் இறங்கும்போது பின்னால் சாய்ந்தும் குதிரைக்குத் தன் கனம் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இறங்கி நின்று, தாடையெலும்புக்கு அடியில் இரண்டு விரலை வைத்து, துடிப்பு தணிகிறவரைக்கும் எண்ணினாள். முதலில் அது தணிய அரைமணி நேரம் ஆயிற்று, பிறகு கால்மணி, பிறகு அவள் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தணிந்தது. நாலாம் மாசம் பாய்ச்சல். மழையில் நனைந்த சோளக்காட்டு வண்டிப்பாதையில், காதை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரும் அடிக்காமல், தானாகவே செவத்தி பாய்ந்த அன்றைக்கு நவமணி சேணத்தின் மேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். வீடு திரும்பும்போது லாயத்து வாசலில் தம்ளர்களோடு நின்ற வரிசையைப் பார்த்ததும் அழுகை நின்றது.

நுரை மெலிந்துகொண்டே போயிற்று. ஐப்பசியில் நீர்மோர் பதத்துக்கு வந்தது, கார்த்திகையில் அரிசி கழுவிய தண்ணீர்போல ஆயிற்று. ஊர் முதலில் காய்ச்சிப் பார்த்தது. சுண்டக் காய்ச்சி, கரியடித்த அந்தப் பிசினைப் பிள்ளைகள் பானையோடு நக்கினார்கள். பிறகு ஊர் சந்தேகப்பட்டது. நல்ல நுரையை வழியிலேயே நவமணி தின்றுவிட்டு வருகிறாள் என்று பேச்சு எழுந்தது. மார்கழியில் ஒரு நாள் காலை, அவள் சேணத்தைவிட்டு இறங்கியதும், டீச்சர் கமிட்டியோடு வந்து வாயைத் திறக்கச் சொன்னார். நவமணி திறந்தாள். டீச்சர் அவளுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கை அவள் வாய்க்கு அருகில் கொண்டுபோய் மூன்று தடவை இழுத்து மோந்தார். பிறகு சுத்தமான கைக்குட்டையால் அவள் நாக்கைத் துடைத்து, கைக்குட்டையைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று கமிட்டியிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்தது ஏமாற்றம். தன் நாக்கிலிருந்துகூட அவருக்கு எதுவும் கிடைக்காமல் போனதற்கான ஏமாற்றம் அது என்று நவமணிக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று.

தை பிறந்தபோது செவத்தியின் வயிறு ஒட்டி, முதுகு நிமிர்ந்து, தோல் வெயிலில் செம்புக்குடம்போல மின்னியது. ஐந்து மைல் ஓடி வந்தாலும் கழுத்தில் நாலு கோடு வேர்வைதான். கண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. டீச்சர் அதைக் கரண்டியில் ஏந்தி வாயில் விட்டார். உப்பு. அவர் அதை நவமணியின் காலடியில் துப்பினார்.

அதற்கப்புறம் பொன்னுரங்கம் டீக்கடைக்கு வந்தால் யாரும் எழுந்திருக்கவில்லை. கோயிலில் அவருக்குப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்த பரிவட்டத்தை நிறுத்தினார்கள், அவர் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வரவில்லை, ஆலைச் சுவரில் சாணி அடித்தார்கள். பொம்பளை கையில் கொடுத்ததால்தான் குதிரை கெட்டுப்போனது, சொந்தக்காரன் உட்கார்ந்து ஓட்டினால் நுரை வரும் என்று கமிட்டியில் யாரோ சொன்னார்கள். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு பொன்னுரங்கம் லாயத்துக்கு வந்தார். பின்னால் ஊரே வந்தது. அவர் கையில் புளியமிளாறு இருந்தது.

நவமணி அவரைத் தடுக்கவில்லை. தடுத்தால் குதிரைமேல் நாலு பேர் ஏறுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சேணத்தை அவளே ஏற்றி, வார் எங்கேயும் அழுத்தாமல் இழுத்துக் கட்டி, செவத்தியின் நெற்றியில் கையை வைத்துவிட்டு விலகி நின்றாள். பொன்னுரங்கம் அடித்தார். செவத்தி பாய்ந்தது. அணைக்கட்டு ரோட்டில் போய்த் திரும்பி வந்தது, கரட்டுமேட்டைச் சுற்றி வந்தது, மறுபடி அணைக்கட்டுக்குப் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் தம்ளர்களையும் செம்புகளையும் ஏந்திக்கொண்டு கூடவே ஓடியது, மூச்சிரைக்க நின்றது, திரும்பி வரும்போது மறுபடி ஓடியது. ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் நவமணி குதிரையின் மூக்கைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், கால் விழுகிற ஒழுங்கைக் காதால் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மணி சுமாருக்குப் பொன்னுரங்கத்தின் கையிலிருந்து மிளாறு நழுவி விழுந்தது. குதிரை தானாகவே நடைக்கு மாறி, ஆலை வாசலில் வந்து நின்றது.

முதலில் செவத்தியைத்தான் தடவினார்கள். தொடையில், கழுத்தில், சேணத்துக்கு அடியில். கை நனைந்தது, அவ்வளவுதான். பிறகு பொன்னுரங்கத்தை இறக்கினார்கள். ஆறு மாசமாகப் பழகியது குதிரைதான், அவர் இல்லை. தொடை இரண்டும் உரிந்து, கால் தரையில் நிற்காமல், ஆலைச் சுவரில் சாய்ந்து பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்துச் சதையின் மடிப்புகளில், அக்குள் ஓரத்தில், வேட்டி முடிச்சுக்கு மேலே பிதுங்கிய வயிற்றின் சுருக்கத்தில், வெள்ளையாக, கெட்டியாக, நுரை கட்டியிருந்தது.

தமயந்தி டீச்சர் சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குனிந்தார். கழுத்து மடிப்பில் கரண்டியை நுழைத்து, மெதுவாக வழித்து, வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது. ஆனா உள்ள இனிக்குதுங்க."

அது நிஜமாகவே இனித்ததா என்று நவமணிக்குத் தெரியாது. அவள் ருசித்துப் பார்க்கவில்லை. டீச்சர் பின்பக்கமாகக் கையை நீட்டினார், யாரோ ஒரு தம்ளரை அதில் வைத்தார்கள், அவர் அதைப் பொன்னுரங்கத்தின் கழுத்தெலும்பில் பொருத்திப் பிடித்தார். ஒருவர் வந்து அவர் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் சட்டைப் பித்தானைக் கழற்றினார். அடியும் இல்லை, சண்டையும் இல்லை. கோயிலில் அபிஷேகம் பார்க்கிறவர்கள்போல வரிசையாக, பொறுமையாக நின்றார்கள். பொன்னுரங்கம் அவர்களுடைய தலைகளுக்கு நடுவே நவமணியைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

"அம்மிணி, இவங்களைப் போகச் சொல்லுங்க."

நவமணி செவத்தியின் தாடைக்கு அடியில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தாள். வாரைத் தளர்த்தி, சேணத்தை இறக்கி ஆலைத் திண்டில் வைத்தாள், அது அவருடையது. கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்த மனுஷன் மேல் இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வந்தது குமட்டல்தான், அது அவர்மேல் வந்ததா, தம்ளர் பிடித்தவர்கள்மேல் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. இருந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போக அவளால் ஆகவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"எந்திரிச்சு நடங்க. உக்காந்தா நுரை கட்டிக்கிட்டேதான் இருக்கும். மெதுவா நடந்துக்கிட்டே இருங்க."

செவத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் ஆற்றுப் பக்கம் இறங்கினாள். குதிரை எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றைக் கடந்து அக்கரை மேட்டில் ஏறியபோது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பொன்னுரங்கம் எழுந்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரை விட்டுவிட்டு, அணைக்கட்டு ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஊர் நடந்தது. அவர் நின்றால் நின்றது, அவர் நடந்தால் நடந்தது, யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.